மாநிலத்துக்கென்று தனி அரசியலமைப்பு: திருத்துவது யார், திருத்திய பாடத்தை அச்சிடுவது யார்?

கோட்டையூரான்
பினாங்கு, ஈப்போ என்று சொந்தபந்தம் பரவிக் கிடக்கிற பகுதி நம்முடையது. மலேசியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு இருக்கிறது, தமிழ்நாட்டுக்கு இல்லை. எனக்கு இரண்டு கேள்வி. ஒரு மாநிலத்தின் அரசியலமைப்பைத் திருத்த என்னென்ன படி? திருத்தம் நிறைவேறியபின் புத்தகத்தில் புது வாசகத்தைச் சேர்ப்பது யார் பொறுப்பு? இரண்டாவதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. காரைக்குடியில் விற்கிற மூன்று பதிப்புகளைப் புரட்டினால் ஒரே பிரிவு மூன்று விதமாக இருக்கிறது.

தேவகோட்டை_கோர்ட்வாசல்
தமிழ்நாட்டுக்குத் தனிப் புத்தகம் இல்லையே தவிர, மாநில அரசு எப்படி நடக்க வேண்டும் என்ற விதிகள் இந்திய அரசியலமைப்பின் ஆறாம் பாகத்தில், பிரிவு 152 முதல் 237 வரை இருக்கின்றன. ஆளுநர், அமைச்சரவை, சட்டமன்றம், உயர் நீதிமன்றம் எல்லாம் அதற்குள் அடக்கம். அதைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு, பிரிவு 368 வழியாக.

பலரும் நினைப்பதுபோல மாநிலத்தைத் தொடும் எல்லாத் திருத்தத்துக்கும் மாநிலங்களைக் கேட்க வேண்டியதில்லை. ஆறாம் பாகத்தில் பிரிவு 162-ஐயும், உயர் நீதிமன்றங்கள் பற்றிய ஐந்தாம் அத்தியாயத்தையும் தொட்டால்தான் பாதி மாநிலங்களின் ஏற்புத் தீர்மானம் வேண்டும். ஆளுநர் நியமனத்தையோ சட்டமன்றத்தின் ஆயுளையோ மாற்ற நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையே போதும். 1956-ல் ஏழாவது திருத்தம் ஒரே ஆளை இரண்டு மாநிலத்துக்கு ஆளுநராக்க வழி செய்தது. பிரிவு 153-ல் இருக்கும் அந்த வரிக்கு மாநிலங்களின் ஏற்பு சட்டப்படி தேவைப்படவில்லை.

ஏற்பு தேவைப்படும் மற்றவை: குடியரசுத் தலைவர் தேர்தல் முறை, மத்திய அரசின் நிர்வாக அதிகார எல்லை, உச்ச நீதிமன்றம், சட்டமியற்றும் அதிகாரப் பங்கீடு, ஏழாம் அட்டவணையின் பட்டியல்கள், நாடாளுமன்றத்தில் மாநிலங்களின் பிரதிநிதித்துவம், யூனியன் பிரதேச உயர் நீதிமன்றங்கள் பற்றிய 241, ஜி.எஸ்.டி. மன்றம் பற்றிய 279ஏ, கடைசியாக 368-ம் பிரிவே.

குரூப்ஒன்_காரைக்குடி
சிறப்புப் பெரும்பான்மை என்றால் மக்களவையில் 362 வாக்குத்தானே அண்ணே? கோச்சிங் நோட்ஸில் அப்படித்தான் இருக்கு.

தேவகோட்டை_கோர்ட்வாசல்
543 பேரும் வந்து வாக்களித்தால் மட்டும் 362, தம்பி. விதி இரண்டு சல்லடை. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் ஆதரவு இருக்க வேண்டும். வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் இருக்க வேண்டும்.

நகரக்கோவில் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் மொத்தம் எத்தனை புள்ளி (குடும்பம்) என்பது ஒரு கணக்கு, அன்றைக்கு வந்து உட்கார்ந்த புள்ளி எத்தனை என்பது வேறு கணக்கு. 368-க்கு இரண்டு கணக்கும் தேற வேண்டும்.

மக்களவையில் மொத்தத்தில் பாதிக்கு மேல் என்றால் 272. காலியிடம் இருந்தாலும் இந்த எண் இறங்காது. மொத்த இடத்தைத்தான் எண்ணுவார்கள். 400 பேர் வாக்களித்தால் மூன்றில் இரண்டு 267, ஆனால் 267 போதாது, 272 வேண்டும். 408 பேர் வாக்களிக்கும்போது இரண்டு கணக்கும் 272-ல் ஒன்றாகும். 409 ஆனதும் 273. அதற்கு மேல் மூன்றில் இரண்டு பங்குதான் ஆளும். நடுநிலை என்று பதிவு செய்தவர் ‘வாக்களித்தவர்’ கணக்கில் வரமாட்டார்.

மசோதாவை எடுத்துக்கொள்ளும் தீர்மானம், ஒவ்வொரு உட்பிரிவு, கடைசியில் நிறைவேற்றும் தீர்மானம் என்று ஒவ்வொரு படியிலும் இந்தப் பெரும்பான்மை வேண்டும். மாநிலங்களவையிலும் தனியாக அதே கதை. இரு அவையும் முரண்பட்டால் கூட்டுக் கூட்டம் போட்டுத் தீர்க்க முடியாது, மசோதா அங்கேயே விழும்.

ஆச்சி_கானாடுகாத்தான்
மாநிலங்களின் ஏற்பைப் பற்றிச் சேர்க்கிறேன். சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் ஒரு தீர்மானம் போட்டால் போதும். மசோதாவில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஏற்கிறோம் அல்லது ஏற்கவில்லை, அவ்வளவே. காலக்கெடு எதையும் அரசியலமைப்பு சொல்லவில்லை. இப்போது 28 மாநிலம், ஆகவே 14. இது நடந்தபின்தான் மசோதா குடியரசுத் தலைவரிடம் போக வேண்டும். 1971-ன் 24-வது திருத்தத்துக்குப் பிறகு அவர் மறுக்கவோ திருப்பி அனுப்பவோ முடியாது.

மாநிலமே முதலடி வைக்கும் ஒரே இடம் மேலவை. பிரிவு 169-ன்படி சட்டமன்றம் தீர்மானம் போட்டால், நாடாளுமன்றம் சாதாரணச் சட்டத்தால் மேலவையை உண்டாக்கலாம், கலைக்கலாம். தீர்மானத்துக்கு இங்கும் இரட்டைச் சல்லடைதான்: 234-ல் 118, கூடவே வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. தமிழ்நாட்டு மேலவை 1986 நவம்பர் 1-ல் போனது இந்த வழியில். 2010-ல் நாடாளுமன்றம் மேலவையைத் திரும்பக் கொண்டுவரச் சட்டம் இயற்றியது, மேலவை வரவில்லை. புத்தகத்தின் உள்ளே பார்த்தால் இப்படிப்பட்ட மாற்றத்தை ‘அரசியலமைப்புத் திருத்தம்’ என்று எண்ண மாட்டார்கள், திருத்த வரிசை எண்ணும் கிடையாது. திருத்த எண்களை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு போகிறவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

பினாங்கு_தண்ணீர்மலை
கோட்டையூர் அண்ணன் கேட்டதுக்கு இந்தப் பக்கத்துப் பதில். மலேசிய மாநிலங்கள் தங்கள் அரசியலமைப்பைத் தாங்களே திருத்தலாம், ஆனால் கட்டம் போட்டுக் கொடுத்திருப்பது கூட்டரசு (நாடு முழுமைக்குமான) அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை. அதில் 19-வது விதிதான் திருத்தம் பற்றியது. மாநிலச் சட்டமன்றத்தின் சட்டத்தால் மட்டுமே திருத்தலாம். இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு வேண்டும்.

கவனியுங்கள், இங்கே மூன்றில் இரண்டு என்பது மொத்தத்தில். வந்தவர் கணக்கு கிடையாது. பினாங்குக்கு 40 இடம், 27 வேண்டும். பேராக்குக்கு 59, 40 வேண்டும். ஜொகூருக்கு 56, 38 வேண்டும். அன்றைக்கு வராதவர், வந்தும் வாக்களிக்காதவர், எதிர்த்தவர் மூவரும் ஒன்றுதான். 26 பேர் ஆதரித்து ஒருவரும் எதிர்க்காவிட்டாலும் பினாங்கில் மசோதா தோற்கும்.

சுல்தான் உள்ள மாநிலங்களில் அரியணை வாரிசுரிமை பற்றிய விதிகளைச் சட்டமன்றம் தொடவே முடியாது. மாநில அரசியலமைப்பில் எட்டாம் அட்டவணையின் அடிப்படை விதிகள் இல்லாமல் போனால், 71-ம் பிரிவின்படி கூட்டரசு நாடாளுமன்றமே சட்டம் போட்டுச் சரிசெய்யலாம்.

எங்கே சறுக்கும் என்றால், கூட்டரசு அரசியலமைப்போடு முட்டும் இடத்தில். கட்சி தாவினால் இடம் பறிபோகும் என்று கிளந்தான் மாநிலம் தன் அரசியலமைப்பில் சேர்த்ததை 1992-ல் நீதிமன்றம் செல்லாது என்றது; சங்கம் சேரும் உரிமையை அது மீறுகிறது என்பது காரணம். பினாங்கு 2012-ல் அதே மாதிரி 14ஏ பிரிவைச் சேர்த்தது. அது செல்லும் என்று 2022 ஆகஸ்ட் 3-ல் கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. அந்த ஆண்டே கூட்டரசு தன் அரசியலமைப்பில் கட்சித் தாவல் தடைக்கான 49ஏ பிரிவைக் கொண்டுவந்தது, அக்டோபர் 5 முதல் அமல். அதன்பிறகு ஒவ்வொரு மாநிலமும் தன் புத்தகத்தை அதற்கேற்பத் தனித்தனியாகத் திருத்த வேண்டி வந்தது.

இன்னொரு வித்தியாசம். இங்கே மாநிலச் சட்டம் அரசிதழில் வெளியாகும்வரை அமலுக்கு வராது. வெளியீடு என்பது அச்சக வேலை மட்டுமல்ல, சட்டம் பிறக்கும் படியே அதுதான்.

தேவகோட்டை_கோர்ட்வாசல்
இந்தியாவில் தலைகீழ். நாள் எதுவும் குறிப்பிடாத மத்தியச் சட்டம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்த நாளிலேயே அமலாகும். பொது வாசகங்கள் சட்டத்தின் (General Clauses Act) 5-வது பிரிவு சொல்வது இது. மசோதா நிலையில் இந்திய அரசிதழின் பாகம் 2, பிரிவு 2. சட்டமானபின் பாகம் 2, பிரிவு 1, சிறப்பு இதழ். தேடுகிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு மசோதா வாசகத்தையே சட்டம் என்று மேற்கோள் காட்டுவது வழக்கமான கோளாறு.

குரூப்ஒன்_காரைக்குடி
இந்தியாவில் எந்த மாநிலத்துக்குமே தனி அரசியலமைப்பு இருந்ததில்லையா?

ஆச்சி_கானாடுகாத்தான்
ஜம்மு காஷ்மீருக்கு இருந்தது. 1956 நவம்பர் 17-ல் ஏற்று, 1957 ஜனவரி 26-ல் முழுமையாக அமலுக்கு வந்தது. அதைத் திருத்த 147-வது பிரிவு: மசோதா சட்டமன்றப் பேரவையில்தான் தொடங்க வேண்டும், இரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். மலேசியக் கணக்கைப் போலவே. இந்தியாவின் ஒரு பகுதி என்ற 3-வது பிரிவு, அதிகார எல்லை பற்றிய 5-வது பிரிவு, 147-வது பிரிவு ஆகியவற்றை மாற்றும் மசோதாவைக் கொண்டுவரவே கூடாது என்று அதிலேயே பூட்டு. 1965-ல் ஆறாவது திருத்தம் மாநிலத் தலைவரான ‘சதர்-இ-ரியாசத்’தை ஆளுநர் ஆக்கியது, அங்கே பிரதமர் என்றிருந்தவரை முதலமைச்சர் ஆக்கியது. 2019 ஆகஸ்ட் 5, 6 தேதிகளின் குடியரசுத் தலைவர் ஆணைகள் 272, 273-க்குப் பிறகு அந்தப் புத்தகம் செயலற்றது. 2023 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

கோட்டையூரான்
முதல் கேள்விக்குப் பதில் நிறைந்துவிட்டது. இரண்டாவது?

மெய்ப்பு_புதுவயல்
அதற்கு வருகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாடாளுமன்றம் நிறைவேற்றுவது புதிய அரசியலமைப்பை அல்ல. ‘இந்தப் பிரிவில் இந்தச் சொற்களுக்குப் பதிலாக இந்தச் சொற்களை இடுக’, ‘இந்த உட்பிரிவுக்குப் பின் இதைச் செருகுக’, ‘இதை விட்டுவிடுக’ என்ற கட்டளைகளின் பட்டியலைத்தான். அந்தக் கட்டளைகளைப் பழைய பாடத்தில் ஏற்றி, ஒருங்கிணைத்த பாடம் தயாரிப்பது சட்ட அமைச்சகத்தின் சட்டமியற்றல் துறை. தனியார் பதிப்பகங்கள் தாங்களே ஏற்றிக்கொள்கிறார்கள். மூன்று பதிப்பு மூன்று விதமாக இருப்பதற்கு இதுதான் வேர். சந்தேகம் வந்தால் மேலே நிற்பது அரசிதழில் வந்த சட்டம், ஒருங்கிணைத்த புத்தகம் அல்ல.

ஏற்றும் முறை இப்படி. மாற்றிய அல்லது செருகிய சொற்களைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட்டு, திறக்கும் குறிக்கு முன்னால் சிறிய எண் கொடுக்க வேண்டும். நீக்கிய இடத்தில் நட்சத்திரக் குறிகள். அடிக்குறிப்பில் நான்கு விவரம் இருந்தாக வேண்டும்: எந்தத் திருத்தச் சட்டம், அதில் எத்தனையாவது பிரிவு, முன்பு என்ன வாசகம் இருந்தது, எந்த நாள் முதல் அமல். நாலாவதை விட்டுவிடுகிற பதிப்புகள் ஏராளம், வழக்குக்கு உதவாதவையும் அவைதான். ஒரு சம்பவம் நடந்த நாளில் எந்த வாசகம் உயிரோடு இருந்தது என்று நீதிமன்றத்தில் கேட்டால் அந்தத் தேதி இல்லாமல் சொல்ல முடியாது.

எண்களை மறுபடி வரிசைப்படுத்தக் கூடாது. 44-வது திருத்தம் 1979 ஜூன் 20 முதல் பிரிவு 31-ஐ நீக்கியது. 32 மேலே ஏறவில்லை, 31 வெற்றிடமாக நிற்கிறது, 31ஏ, 31பி, 31சி அதன் கீழே அப்படியே. எண்ணை நகர்த்தினால் 1950 முதல் வந்த அத்தனை தீர்ப்பிலும் மற்றச் சட்டங்களிலும் உள்ள குறுக்கு மேற்கோள் எல்லாம் தவறான இடத்தைக் காட்டும்.

இனி வழுக்கும் இடங்கள். முதலாவது, நிறைவேறியும் அமலாகாத திருத்தம். அதே 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவு, தடுப்புக் காவல் பற்றிய பிரிவு 22-ஐ மாற்றியது. மூன்று மாதத்தை இரண்டாகக் குறைத்தது. அரசு அறிவிக்கும் நாளில் அமல் என்று சட்டத்தில் இருக்கிறது. அறிவிக்கை வரவே இல்லை. ஆகவே மேல் பாடத்தில் மூன்று மாதம்தான் நிற்க வேண்டும், இரண்டு மாதம் அடிக்குறிப்பில். திருத்தச் சட்டத்தை மட்டும் வைத்து ஏற்றுகிறவர் இங்கே நேராகக் குழியில் விழுவார். சேவை வரிக்காக 88-வது திருத்தம் கொண்டுவந்த 268ஏ இன்னும் வேடிக்கை: அமலாகாமலே கிடந்து, 101-வது திருத்தத்தால் நீக்கப்பட்டது.

இரண்டாவது, நீதிமன்றம் அடித்த திருத்தம். தீர்ப்பு வந்ததும் புத்தகத்தில் சொற்கள் தானாக மறையாது. கட்சித் தாவல் பற்றிய பத்தாம் அட்டவணையின் 7-வது பத்தி, மாநிலங்களின் ஏற்பு பெறாததால் 1992-ல் செல்லாததாயிற்று. இன்றும் அச்சில் இருக்கிறது, அடிக்குறிப்போடு. நீதிபதிகள் நியமன ஆணையத்துக்கான 99-வது திருத்தம் 2015 அக்டோபர் 16-ல் ரத்து. ஆனால் சட்டமியற்றல் துறையின் பாடத்தில் பிரிவு 124-க்குள் ஆணையத்தின் பரிந்துரை என்ற வாசகம் மேலேயே இருக்கும். ரத்தான செய்தியும் பழைய வாசகமும் அடிக்குறிப்பில். அடிக்குறிப்பு படிக்காத மாணவர் இல்லாத ஆணையத்தை இருப்பதாக எழுதிவிட்டு வருவார்.

தேவகோட்டை_கோர்ட்வாசல்
கூட்டுறவுச் சங்கக்காரர்களுக்கு இதில் மிக முக்கியமானது 97-வது திருத்தம். 2012 பிப்ரவரி 15 முதல் அது கூட்டுறவுச் சங்கங்களுக்கான பாகம் 9பி-யைச் சேர்த்தது. கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியலின் 32-வது பதிவு. மாநிலத்தின் சட்டமியற்றும் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் ஏற்பு வேண்டும், வாங்கவில்லை. 2021 ஜூலை 20-ல் உச்ச நீதிமன்றம், மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களுக்கு அந்தப் பாகம் பொருந்தாது என்றது. ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் இயங்கும் சங்கங்களுக்கு மட்டும் அது உயிரோடு இருக்கிறது. ஒரே வாசகம் பாதி செத்து பாதி பிழைத்தால் அச்சில் எப்படிக் காட்டுவீர்கள் மெய்ப்பு அண்ணே?

மெய்ப்பு_புதுவயல்
காட்ட வழியில்லை, அடிக்குறிப்புதான். நட்சத்திரம் போட்டால் முழுதும் போனதாக ஆகும். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் முழுதும் இருப்பதாக ஆகும்.

மூன்றாவது வழுக்கல், ‘எங்கெங்கு வருகிறதோ அங்கெல்லாம்’ என்ற கட்டளை. சரவாக் மாநிலம் 2022-ல் முதலமைச்சரை ‘பிரீமியர்’ என்று மாற்றியது. இப்படிப்பட்ட திருத்தத்தை ஏற்றும்போது தேடி மாற்றும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து போகக் கூடாது. பன்மை, வேற்றுமை உருபு சேர்ந்த வடிவம், ஓரத்துத் தலைப்பு, அட்டவணையில் உள்ள உறுதிமொழிப் படிவம் எல்லாம் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தமிழில் ஏற்றினால் வேலை இரட்டிப்பு. ‘ஆளுநரால்’, ‘ஆளுநருக்கு’, ‘ஆளுநரின்’ மூன்றையும் எந்திரம் ஒரே சொல்லாக எண்ணாது.

நாலாவது, பிழை. அரசிதழில் அச்சுப் பிழை என்றால் பிழைதிருத்தம் வெளியிட்டுச் சரிசெய்யலாம். அவை நிறைவேற்றிய வாசகத்திலேயே பிழை என்றால் இன்னொரு திருத்தச் சட்டம்தான். நடுவில், மசோதா அவையில் நிறைவேறியபின் கண்கூடான பிழைகளைத் திருத்த மக்களவை விதி 95 சபாநாயகருக்கு அதிகாரம் தருகிறது. பொருளை மாற்ற அது போதாது.

பினாங்கு_தண்ணீர்மலை
எண்ணை நகர்த்தவே கூடாது என்று அடித்துச் சொல்கிறீர்கள். அமெரிக்காவில் அலபாமா செய்ததே?

ஆச்சி_கானாடுகாத்தான்
அது வேறு நோய்க்கு மருந்து. அலபாமாவின் 1901 அரசியலமைப்பில் திருத்தங்கள் ஏறக்குறைய ஆயிரத்தை நெருங்கிவிட்டன. பெரும்பகுதி ஏதாவது ஒரு கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பகுதிக்கு) மட்டும் பொருந்துபவை. நிறைவேறிய வரிசையில் எண் போட்டு அடுக்கியதால், ஒரு கவுண்டிக்கு எது பொருந்தும் என்று தேட முழுதும் புரட்ட வேண்டிய நிலை. 2020-ல் வாக்காளர்கள் அனுமதி கொடுத்தார்கள், அதுவும் நான்கு வேலைக்கு மட்டும்: இனவெறி வாசகங்களை நீக்குவது, செத்ததையும் இரட்டித்ததையும் எடுப்பது, பொருளாதார வளர்ச்சி விதிகளை ஒன்றுசேர்ப்பது, உள்ளூர்த் திருத்தங்களைக் கவுண்டி வாரியாக அடுக்குவது. சட்டமன்றத்தின் சட்ட ஆய்வுப் பிரிவு வரைவு செய்தது, 2022 நவம்பர் 8-ல் மறுபடி வாக்கெடுப்பு. வேறு எதையும் மாற்ற அதிகாரம் இல்லை.

அங்கே சாதாரணத் திருத்தத்துக்கே ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் மூன்று பங்கும், அதன்பின் வாக்காளர் ஒப்புதலும் வேண்டும். டெலவேர் ஒன்றுதான் வாக்காளரைக் கேட்காத மாநிலம். தொடர்ந்து இரண்டு சட்டமன்றங்கள், ஒவ்வொரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கில் நிறைவேற்றினால் போதும். மாசசூசெட்ஸ் இன்னொரு வழி: 1780-ன் மூல பாடத்தைத் தொடாமல் திருத்தங்களைப் பின்னால் கோத்துக்கொண்டே போகிறது. வரலாறு கெடாது. ஆனால் இன்றைய விதி என்ன என்று அறிய இரண்டு இடத்தில் விரலை வைத்துப் படிக்க வேண்டும். இந்திய முறையே வாசகருக்கு நல்லது என்பது என் கட்சி, அடிக்குறிப்பு ஒழுங்காக இருந்தால்.

மெய்ப்பு_புதுவயல்
அலபாமாவைப்போல மக்களிடம் கேட்டு அடுக்கினால் எனக்கு மறுப்பில்லை. பதிப்பாளர் தன் விருப்பத்துக்கு அடுக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

குரூப்ஒன்_காரைக்குடி
கடையில் நின்றபடியே ஒரு பதிப்பு நம்பத்தக்கதா என்று பார்க்க வழி உண்டா?

மெய்ப்பு_புதுவயல்
உண்டு. உள் அட்டையில் ‘இந்த நாள் வரை திருத்தப்பட்டது’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள்; பதிப்பித்த ஆண்டு அதற்கு ஈடாகாது. பிரிவு 22-ன் நாலாவது உட்பிரிவைத் திறந்தால் மூன்று மாதம் இருக்க வேண்டும். 268ஏ நட்சத்திரமாகவோ ‘நீக்கப்பட்டது’ என்றோ நிற்க வேண்டும். 334-ல் பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீட்டுக்கு எண்பது ஆண்டு, ஆங்கிலோ-இந்தியருக்கு எழுபது ஆண்டு என்று பிரித்திருந்தால் 104-வது திருத்தம் ஏறியிருக்கிறது. பாகம் 9பி-யின் கீழே 2021 தீர்ப்பு அடிக்குறிப்பாக வந்திருக்கிறதா, பத்தாம் அட்டவணை 7-வது பத்தியில் குறிப்பு உண்டா என்பது கடைசி. இதில் இரண்டு இடம் தவறினால் அந்தப் புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

குரூப்ஒன்_காரைக்குடி
தமிழ்ப் பதிப்புக்கும் இதே சோதனைதானா?

மெய்ப்பு_புதுவயல்
அதேதான். கூட ஒன்று: சொல் மயங்கினால் ஆங்கிலப் பாடத்தோடு ஒப்பிட வேண்டும். இந்திப் பாடத்துக்கு 1987-ன் 58-வது திருத்தம் 394ஏ வழியாகத் தகுதி கொடுத்திருக்கிறது. தமிழுக்கு அரசியலமைப்புக்குள் அப்படி ஒரு பிரிவு கிடையாது.

கோட்டையூரான்
மூன்று பதிப்பிலும் பார்த்தேன். ஒன்றில் பிரிவு 22 இரண்டு மாதம் என்று இருக்கிறது. இன்னொன்றில் பாகம் 9பி-க்கு அடிக்குறிப்பே இல்லை, ஆனால் மற்ற இடமெல்லாம் சரி. அதை வைத்துக்கொள்ளலாமா?

மெய்ப்பு_புதுவயல்
2021 ஜூலைக்கு முன் அச்சிட்டதா என்று பாருங்கள். முன் என்றால் வைத்துக்கொள்ளலாம், ஓரத்தில் தீர்ப்பின் தேதியைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். பின் என்றால், தவறியது இந்த ஒரு இடமே ஆனாலும் வேண்டாம்.